சீராக்கின் ஞானம்: யார் இந்த சீராக்? எபிரேய நூலா, கிரேக்க நூலா?

நாசரேத்துக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சி.எஸ்.ஐ. மனைவி வீட்டார் கத்தோலிக்கர், தூத்துக்குடிப் பக்கம். மாமனாருக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று இரவு குடும்ப ஜெபம் வைத்தோம். அவரே வேதத்தைத் திறந்து, மருத்துவரை மதிக்கச் சொல்லும் ஒரு பகுதியை வாசித்தார். மருந்துகளை ஆண்டவரே மண்ணிலிருந்து உண்டாக்கினார், அறிவுள்ளவர் அவற்றை ஒதுக்க மாட்டார் என்கிற மாதிரி வந்தது. சின்ன வயதிலிருந்து வேதம் வாசிக்கிறவன் நான். இது எந்தப் புத்தகம் என்று பிடிபடவே இல்லை. பக்கத்தை எட்டிப் பார்த்தால் 'சீராக்கின் ஞானம், 38' என்று இருந்தது. எங்கள் பைபிளில் அப்படி ஒன்று கிடையாது.

அதிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு இடத்தில் சீராக் என்கிறார்கள், ஒரு இடத்தில் பென் சீரா, இன்னொரு இடத்தில் எக்லேசியாஸ்டிகஸ். கடைசிப் பெயரைப் பார்த்ததும் நம்முடைய பிரசங்கிதானோ என்று தோன்றியது. இந்த சீராக் யார்? எப்போது எழுதியது? முதலில் எபிரேயத்தில் எழுதப்பட்டதா, கிரேக்கத்திலா? விவாதம் பண்ணக் கேட்கவில்லை. அந்தப் பகுதி மனதில் நின்றுவிட்டது, அதனால் கேட்கிறேன்.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

மாமனார் நல்லபடியாக வீட்டுக்கு வந்ததற்கு இறைவனுக்கு நன்றி, தம்பி. நீங்கள் கேட்டது பிரசங்கி இல்லை. அது எங்கள் திருவிவிலியத்தில் 'சபை உரையாளர்' என்று தனியாக இருக்கிறது. இலத்தீனில் ஒன்று எக்லேசியாஸ்தெஸ், மற்றது எக்லேசியாஸ்திகுஸ். காதில் ஒன்றுபோல விழுவதால் நிறையப் பேர் குழம்புவார்கள்.

'இணைத் திருமுறை நூல்கள்' என்ற பகுதியில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் இவற்றோடு சீராக்கும் வரும். மொத்தம் 51 அதிகாரம். பிள்ளைகளுக்கு நான் அதிகம் வாசித்துக் காட்டுவது 3ஆம் அதிகாரம் (பெற்றோரை மதிப்பது), 6ஆம் அதிகாரம் (நண்பர்கள்). முதல் அதிகாரத்துக்கு முன்னால் இருக்கும் முன்னுரையைத் தவறாமல் வாசியுங்கள். அதை எழுதியது ஆசிரியரின் பேரன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

கரிசல்காடு எழுதியது:

எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: இது கிரேக்கத்தில் மட்டுமே கிடைக்கிற நூல், எபிரேய மூலம் கிடையாது, அதனால்தான் யூதர்களும் ஏற்கவில்லை, நம் வேதத்திலும் இல்லை. வேறு விதமாக இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏடு எழுதியது:

தம்பிகள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இறையியல் கல்லூரி ஒன்றில் எபிரேயம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எபிரேய இலக்கியத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான நூல்களில் இது ஒன்று. மூலம் கிடையாது என்று 1896 வரைக்கும் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அந்த நூலின் எபிரேய வாசகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நம் கையில் இருக்கிறது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். ஆசிரியரின் பெயர் யேசுவா. அந்தக் காலத்து எருசலேமில் மிகச் சாதாரணமான பெயர். அப்பா பெயர் எலெயாசர். சீரா என்பது தாத்தாவோ, அதற்கும் மேலே உள்ள ஒரு முன்னோரோ. 'பென் சீரா' என்றால் சீராவின் வழிவந்தவர். ஆக, நாம் 'சீராக்' என்று கூப்பிடுகிறவர் இந்த நூலை எழுதவே இல்லை! கடைசியில் அந்த 'க்' எப்படி வந்தது என்றால், சீரா என்ற பெயர் எபிரேயத்தில் அலெப் எழுத்தில் முடிகிறது. கிரேக்கத்தில் எழுதும்போது அங்கே ஒரு மெய்யெழுத்தைச் சேர்த்தார்கள். அப்போஸ்தலர் 1:19இல் நாம் 'அக்கெல்தமா' என்று வாசிக்கிற இடத்தில், பழைய கிரேக்கப் படிகளில் 'அக்கெல்தமாக்' என்று இருக்கும். அதே வழக்கம்தான்.

எக்லேசியாஸ்திகுஸ் என்பது இலத்தீன் பேசிய திருச்சபை வைத்த பெயர். 'சபைக்குரிய நூல்' என்று அர்த்தம். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானே அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார். சரி, எபிரேயத்தில் ஆசிரியர் என்ன தலைப்பு வைத்தார்? கிடைத்திருக்கும் எபிரேயப் படிகள் எதிலும் முதல் இரண்டு அதிகாரங்கள் முழுதாக இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. வேதத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், தான் ஓர் எபிரேயப் படியைப் பார்த்ததாகவும், அதன் தலைப்பு 'உவமைகள்' என்று இருந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். சாலொமோனின் நீதிமொழிகளுக்கும் எபிரேயத்தில் அதே வகைப் பெயர்தான். யூத ரபிகள் சுருக்கமாக 'பென் சீராவின் புத்தகம்' என்றார்கள்.

இனி காலம். இதில் நமக்கு அபூர்வமான ஒரு வசதி இருக்கிறது. எகிப்துக்குப் போன பேரன், எவுர்கெத்தேஸ் அரசனின் 38ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்ததாக முன்னுரையில் சொல்கிறார். எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களில் இருவருக்கு அந்தப் பட்டம் உண்டு. ஒருவர் ஆண்டது 25 வருடம்கூட நிறையவில்லை. ஆகவே மற்றவரான எட்டாம் தாலமிதான். கணக்குப் போட்டால் கி.மு. 132. அதற்குப் பிறகுதான் பேரன் தாத்தாவின் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்.

தாத்தாவின் காலத்துக்கு 50ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓனியாவின் மகன் சீமோன் என்ற பிரதான ஆசாரியர் ஆலயத்தைப் பழுதுபார்த்ததையும், திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது ஜனங்கள் நடுவில் அவர் விளங்கிய விதத்தையும் கூட்டத்தில் நின்று பார்த்தவர் மாதிரி எழுதுகிறார். அந்த சீமோன் இருந்தது கி.மு. 200ஐ ஒட்டி. ஆனால் கி.மு. 167இல் சிரியா அரசன் நான்காம் அந்தியோகஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது பற்றி நூலில் ஒரு வார்த்தை இல்லை. ஆலயத்தை இவ்வளவு நேசித்தவர் அதைப் பார்த்திருந்தால் எழுதாமல் இருந்திருக்க மாட்டார். அதனால் கி.மு. 200க்கும் 175க்கும் நடுவில் எழுதப்பட்டது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து.

இப்போது கண்டுபிடிப்பு. கேம்பிரிட்ஜில் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்று இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள், இருவரும் விதவைகள். சுரியானி, அரபு, எபிரேயம் எல்லாம் தாங்களாகவே முயன்று படித்தவர்கள். சீனாய் மலை மடத்தில் பழைய சுரியானி நற்செய்திப் படியை 1892இல் அடையாளம் கண்டவரும் இந்த ஆக்னஸ்தான். 1896இல் கிழக்கே பயணம் போனபோது சில பழைய எபிரேயத் தாள்களை வாங்கிவந்தார்கள். மே 13 அன்று சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் அவற்றைப் பார்த்தார். அதில் கிழிந்த தாள் ஒன்றை எடுத்துப் போய் ஆராய்ந்துவிட்டு, இது பென் சீராவின் எபிரேயம் என்று அன்றைக்கே எழுதி அனுப்பினார். 39ஆம் அதிகாரத்தின் பின்பாதியும் 40இன் தொடக்கமும் அந்தத் தாளில் இருந்தன. கொஞ்ச நாளில் ஆக்ஸ்போர்டிலும் அதே படியின் ஒன்பது தாள்கள் அகப்பட்டன. அந்தச் சகோதரிகளுக்கு அன்றைய கேம்பிரிட்ஜ் ஒரு பட்டம்கூடக் கொடுக்காது. பெண்களுக்கு அங்கே பட்டம் வழங்கத் தொடங்கியதே 1948இல். இதை ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

தாள்கள் எங்கிருந்து வருகின்றன என்பது ஷெக்டருக்குப் புரிந்துவிட்டது. பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயம். கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்கள் எரிக்கவோ எறியவோ மாட்டார்கள், கெனிசா என்ற அறையில் சேர்த்து வைப்பார்கள். இந்த ஆலயத்தின் கெனிசாவுக்கு வாசல் கிடையாது, சுவரில் உயரத்தில் ஒரு திறப்புதான். ஏணி வைத்து ஏற வேண்டும். செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்ல்ஸ் டெய்லர் செலவை ஏற்க, 1896 கடைசியில் ஷெக்டர் அங்கே போய், பல நூற்றாண்டுத் தூசியில் உட்கார்ந்து பொறுக்கினார். அவர் கொண்டுவந்தது இன்றைய கணக்கில் சுமார் 1,93,000 துண்டுகள். அதற்குள்ளிருந்தும் வேறு சேகரிப்புகளிலிருந்தும் மெல்ல மெல்ல ஆறு பென் சீரா படிகள் அடையாளம் காணப்பட்டன. ஏ, பி, சி என்று எஃப் வரை பெயர்.

நாசரேத்துக்காரன் எழுதியது:

ஐயா, இதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி. ஒரு சந்தேகம். தேடும்போது ஒரு வீடியோவில், அந்தக் கெய்ரோ தாள்கள் மூலம் இல்லை, பிற்காலத்தில் யாரோ எபிரேயத்துக்குத் திருப்பி எழுதியவை என்று சொல்கிறார்கள். ஆதாமுக்கு முதல் மனைவியாக லிலித் என்று ஒருத்தி இருந்ததாக பென் சீரா எழுதியிருக்கிறார் என்றும் அதே வீடியோவில் வந்தது. மாமனாரிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

பழைய ஏடு எழுதியது:

லிலித்தை முதலில் முடித்துவிடுகிறேன். 'பென் சீராவின் அகர வரிசை' என்று இடைக்காலத்து நூல் ஒன்று உண்டு. ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வேறு யாரோ அவர் பெயரை எடுத்துக் கட்டிய கதைகள். லிலித் கதை அதில் இருப்பது. உங்கள் மாமனார் வாசித்த நூலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. தாராளமாக அவரிடம் கேளுங்கள், சந்தோஷமாகப் பேசுவார்.

முதல் சந்தேகம் நியாயமானது. அதை எழுப்பியவர் மார்கோலியூத் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர். 'பி' படி பார்க்க அழகானது. செய்யுள் மாதிரி ஒவ்வொரு வரியையும் இரண்டு பாதியாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் பாட பேதங்கள் (வேறு படிகளில் உள்ள மாற்று வாசகங்கள்) நிறைய. சில ஓரக்குறிப்புகள் பாரசீக மொழியில் இருக்கின்றன. இதையெல்லாம் பிடித்துக்கொண்டு மார்கோலியூத் 1899இல், யாரோ ஒரு பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து திரும்ப எபிரேயத்துக்குக் கொண்டுவந்தது இது என்று வாதாடினார். படிகள் எழுதப்பட்டது 10 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள். பென் சீராவுக்கும் அவற்றுக்கும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி. அதனால் அவருடைய வாதத்தை ஒரேயடியாகத் தள்ள யாராலும் முடியவில்லை.

முடித்துவைத்தது மசாதா. சாக்கடலோரம் பாறை உச்சியில் ஏரோது கட்டிய கோட்டை. ரோமர் அதைப் பிடித்தது கி.பி. 73 அல்லது 74. 1964 ஏப்ரலில் தொல்லியலாளர் யிகேல் யாதீனின் குழுவினர் கோட்டைச் சுவரை ஒட்டிய அறையொன்றின் தரையில் தோல் சுருள் ஒன்றின் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். மொத்தம் 26 துண்டு, ஏழு பத்தி. பென் சீரா 39:27 தொடங்கி 44:17 வரை. எழுத்தமைதியைப் பார்த்து, கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்டது என்கிறார்கள். ஆசிரியர் காலத்துக்கு நூறு வருடம் கழித்து, அவ்வளவுதான். அதுவும் வரியை இரண்டு பாதியாகப் பிரித்தே எழுதப்பட்டிருக்கிறது. வாசகமோ, கெய்ரோ 'பி' படியோடு அடிப்படையில் ஒன்று. பல இடங்களில் அந்தப் படியின் ஓரத்தில் எழுதியிருந்த பாடத்தோடு சரியாகப் பொருந்துகிறது. ஓரத்தில் இருந்ததை யாரும் கற்பனை செய்யவில்லை, மிகப் பழைய இன்னொரு படியிலிருந்து வழிவழியாக வந்திருக்கிறது.

சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானில், 2ஆம் குகையில் 6ஆம் அதிகாரத்தின் சின்னத் துண்டு கிடைத்தது. 11ஆம் குகையின் சங்கீதச் சுருளில் 51ஆம் அதிகாரக் கவிதை ஒன்று இருக்கிறது. கெய்ரோ படிகளில் எல்லா வரியும் அப்படியே மூலம் என்று நான் சொல்ல மாட்டேன். சில வசனங்கள் சுரியானியிலிருந்து திரும்ப எழுதப்பட்டவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நூலின் உடம்பு பென் சீராவின் எபிரேயம்தான். ஷெக்டர் 1915இல் காலமானார், மார்கோலியூத் 1940இல். மசாதா துண்டை இருவரும் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

இடையில் இந்த நூல் கெய்ரோவுக்கு எப்படி வந்தது? கி.பி. 800ஐ ஒட்டி, கிழக்குச் சுரியானித் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமொத்தேயு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எரிகோ அருகே ஒரு குகையில் எபிரேய நூல்கள் கிடைத்ததாக அதில் சொல்கிறார். கெய்ரோ படிகளுக்கு மூலம் அப்படி ஒரு குகையிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

ஏட்டுப்பிழை எழுதியது:

பழைய ஏடு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் நாசரேத்துக்காரர் வேறு வேறு பதிப்புகளை ஒப்பிட்டால் நிச்சயம் தடுமாறுவார். நான் அச்சுத்தொழிலில் இருந்தவன், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். நம்மிடம் இருக்கிற கிரேக்கப் படிகள் எல்லாவற்றிலும் 30க்கும் 36க்கும் நடுவே இரண்டு பெரிய பகுதிகள் இடம் மாறி இருக்கின்றன. 30:24க்கு அடுத்தது 33ஆம் அதிகாரத்தின் நடுவிலிருந்து ஓடும், விட்டுப்போன பகுதி அப்புறம் வரும். என்ன நடந்தது என்றால், என்றோ ஒரு படியில் தைப்பதற்கு அடுக்கிய இரண்டு மடிப்புகள் முன்னும் பின்னுமாக மாறிவிட்டன. அந்த ஒரே படியிலிருந்துதான் இன்றுள்ள கிரேக்கப் படிகள் அத்தனையும் வந்திருக்க வேண்டும். பைண்டிங்கில் ஃபாரம் மாறிப்போன புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். இலத்தீன், சுரியானி, எபிரேயம் மூன்றிலும் வரிசை சரியாக இருக்கிறது. அதனால் சில பதிப்புகளில் வசன எண் ஒத்துவராது. பயப்பட வேண்டாம், வசனம் தொலைந்துபோகவில்லை.

கரிசல்காடு எழுதியது:

விவரமாக எழுதியதற்கு நன்றி ஐயா. அப்படியென்றால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. எபிரேயத்தில் எழுதியவர், எருசலேம்காரர், ஆலயத்தை நேசித்தவர். யூதர்கள் ஏன் வேதத்தில் சேர்க்கவில்லை?

பழைய ஏடு எழுதியது:

சரியான கேள்வி, தம்பி. ரபிகளின் சட்டத் தொகுப்பான தொசெப்தா நேரடியாகவே சொல்கிறது: பென் சீராவும் அதன்பின் எழுதப்பட்டவையும் பரிசுத்த எழுத்துகளின் கணக்கில் வராது. ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் ரபி யோசேப்பு, அதை வாசிக்கவே கூடாது என்கிறார். ஆனால் அதே பக்கத்தில் அவரே, அதிலுள்ள நல்ல வரிகளை எடுத்துப் பிரசங்கிக்கலாம் என்று அனுமதி கொடுக்கிறார். இன்னொரு இடத்தில் 'ஒவ்வொரு பறவையும் தன் இனத்தோடு தங்கும்' என்ற பென் சீராவின் வரியை, தோராவிலிருந்தும் (மோசேயின் ஐந்து நூல்கள்) தீர்க்கதரிசிகளிலிருந்தும் ஆதாரம் காட்டிவிட்டு, மூன்றாவதாக 'எழுத்துகளிலிருந்து' என்று எடுத்துக்காட்டுகிறார்கள். (நம் ஊரில் 'இனம் இனத்தோடே' என்போமே, அதே.) வேதத்தின் மூன்றாம் பகுதிக்கு உரிய பெயர் அது! தள்ளிவைத்த நூலை மறக்க அவர்களால் முடியவில்லை. 10ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் சாதியா காவோன்கூட எபிரேயத்திலேயே அதை மேற்கோள் காட்டுகிறார்.

ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு என் கருத்து, அவர் தன் பெயரைப் போட்டதுதான். நீதிமொழிகளும் பிரசங்கியும் சாலொமோன் பெயரில் நின்றன. தீர்க்கதரிசனத்தின் காலம் பாரசீக அரசர்களோடு முடிந்தது என்று யூதர்கள் கருதினார்கள். பென் சீராவோ, நான் இன்னார் மகன், எருசலேம்காரன், இதை எழுதினேன் என்று 50:27இல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேரன் வந்து வருடக் கணக்கையும் எழுதிவைத்தார். பழங்காலத்து நூல் என்று சொல்ல வழியே இல்லை. எபிரேய ஞான நூல்களில் சொந்தப் பெயரோடு நமக்குக் கிடைக்கிற முதல் ஆசிரியர் இவர். அந்தப் பெயருக்கும் கெய்ரோவில் ஒரு சின்னத் தடங்கல். 'பி' படியின் முடிவுக் குறிப்பில் அவர் பெயர் 'சீமோன், யேசுவாவின் மகன்' என்று இருக்கிறது. மேலே அவர் புகழ்ந்த பிரதான ஆசாரியரின் பெயர் எழுதியவர் கையில் வந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது.

நம்முடைய பக்கத்துக்கு வந்தால், கிரேக்கம் பேசிய யூதர்களிடமிருந்து திருச்சபை இதைப் பெற்றுக்கொண்டது. 1546இல் திரெந்து என்ற ஊரில் கூடிய திருச்சபைச் சங்கம் கத்தோலிக்கருக்கு இதை வேதநூலாக உறுதி செய்தது. லூத்தர் வேத நூல்களுக்குச் சமமாக வைக்காவிட்டாலும், வாசிக்க நல்லவை என்று தனிப் பகுதியாகத் தன் பைபிளில் வைத்தார். அதனால்தான் சீகன்பால்கின் வேலையைத் தொடர்ந்த லூத்தரன் ஊழியர் பெஞ்சமின் சூல்ட்சே 1728 வரை தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சிட்ட தமிழ் பைபிளில் இந்த நூல்களும் இருந்தன. பின்னால் வந்த பதிப்புகளில்தான் விட்டுப்போயின.

நாசரேத்துத் தம்பி, 38ஐ வாசித்தாயிற்று, அந்த அதிகாரத்தின் மீதியையும் வாசியுங்கள். உழவர், முத்திரை வெட்டுகிறவர், கொல்லர், குயவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். கொல்லருக்கு உலைச் சூட்டில் உடம்பு வாடும், குயவர் காலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். சபையில் இவர்களுக்கு உயர்ந்த இடம் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, இவர்கள் இல்லாமல் எந்த நகரத்திலும் குடியிருக்க முடியாது என்கிறார். படித்தவர்களின் பெருமையைப் பாட உட்கார்ந்தவர் இதையும் எழுதினார். அப்புறம் 44ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோர்களின் புகழ் அங்கே தொடங்குகிறது, 50 வரை போகும். மசாதா துண்டு நிற்கிற இடமும் 44இல், நோவாவின் பெயர் வரும் வரிகளில்தான்.

நாசரேத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மாமனாரோடு உட்கார்ந்து முன்னுரையிலிருந்து வாசிக்கப் போகிறோம். ஐயா, எபிரேயத் தாள்களின் படங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்குமா?

பழைய ஏடு எழுதியது:

கிடைக்கும் தம்பி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் டிஜிட்டல் பக்கத்தில் கெனிசா தொகுப்பு இலவசமாகவே இருக்கிறது. 'பி' படியின் தாள் ஏதாவது ஒன்றைத் திறந்து, ஓரத்துப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும், மாமனாருக்கும் சொல்லிவையுங்கள்.